முப்பது பேர்கூட இல்லாத கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு

கட்டணம் கிடையாது, தங்குமிடம் இலவசம், மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம், அங்கே படித்தவர்கள் பிறகு ஹார்வர்டுக்கும் யேலுக்கும் போகிறார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கில் இருக்கிற இரண்டு வருடக் கல்லூரியான டீப் ஸ்பிரிங்ஸைப் பற்றி யார் சொன்னாலும் இந்த நான்கும்தான் முதலில் வரும். நான்கும் உண்மைதான். மீதியை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் தொழுவத்திலோ வயலிலோ சமையலறையிலோ வேலை செய்தாக வேண்டும். பருவம் நடக்கிற நாட்களில் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகக் கூடாது. மதுவும் போதைப்பொருளும் அறவே கூடாது.

இந்த மீதியையும் கேட்டுவிட்டு இன்னும் ஆசை அடங்காதவர்களுக்காக எழுதுகிறேன். விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிற நாளிலிருந்து இரண்டு வருடம் முடித்து வெளியே வருகிற நாள் வரை, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போவோம்.

1. அது என்ன மாதிரி இடம்

கலிபோர்னியா என்றதும் கடற்கரையும் தென்னை மாதிரி நிற்கிற பனைகளும் கண்ணில் வந்தால் அழித்துவிடுங்கள். கல்லூரி இருப்பது மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லைக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கிற உயர்ந்த பாலைவனப் பள்ளத்தாக்கில். ஏறக்குறைய 5,200 அடி உயரம். ஏற்காட்டின் உயரத்தை ஒட்டி வரும். ஏற்காட்டின் பச்சை மட்டும் வராது. கோடையில் பகல் கொளுத்தும், இரவில் போர்வை தேடுவீர்கள். குளிர்காலத்தில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். 168ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான் வழி. மேற்கே மலைக் கணவாயைத் தாண்டினால் பிக் பைன் என்ற சிற்றூர். சாமான் வாங்க, பல் மருத்துவரைப் பார்க்க என்றால் அதையும் தாண்டி பிஷப் என்ற ஊருக்குப் போக வேண்டும். காரில் ஒரு மணி நேரமளவு ஆகும். அந்தக் கணவாய்ச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு கிளைச் சாலையில் ஏறினால் பிரிசில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு வயது 4,800க்கும் மேல். பள்ளத்தாக்கின் ஊற்றுகளில் ஒரு கருந்தேரை வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. உங்கள் அக்கம்பக்கத்தார் இவர்கள்தான்.

கல்லூரியைத் தொடங்கியவர் எல். எல். நன். 1891இல் கொலராடோவின் டெல்லுரைடு ஊருக்கு அருகே மாறுமின்சாரத்தை உற்பத்தி செய்து, கம்பி வழியாக மலைமேல் இருந்த தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பிக் காட்டியவர். இன்றைக்கு நம் வீட்டுக்கு வருகிற மின்சாரத்தின் தொடக்கக் கதைகளில் அதுவும் ஒன்று. மின்நிலையங்களை நடத்த அவருக்குப் படித்த இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். கிடைக்கவில்லை, ஆகவே வேலைக்கு எடுத்தவர்களையே படிக்க வைத்தார். கையில் வேலை, மேசையில் புத்தகம் என்று தொடங்கிய அந்த ஏற்பாடுதான் 1917இல் ஒரு மாட்டுப் பண்ணையை வாங்கி டீப் ஸ்பிரிங்ஸ் ஆனது. கல்வி, உழைப்பு, தன்னாட்சி என்ற மூன்றையும் தூண்கள் என்பார்கள். நூறு வருடம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்தது. நீதிமன்ற வழக்கெல்லாம் முடிந்து 2018 முதல் பெண்களும் படிக்கிறார்கள்.

ஒரு வருடத்துக்கு 12 முதல் 15 பேரைத்தான் சேர்ப்பார்கள். இரண்டு வருடத்தாரையும் கூட்டினாலும் முப்பது தாண்டாது. ஆசிரியர்கள், பண்ணையாட்கள், அவர்களின் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு சின்னக் குக்கிராமம். அந்த ஊரின் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வது மாணவர்கள்.

2. ஒத்துவருமா என்று பாருங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மாலை உட்கார்ந்து சில கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

என்ன படிக்கப்போகிறீர்கள்? மருத்துவம், பொறியியல் என்று உறுதியாக இருந்தால் இந்த இடம் வேண்டாம். ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். எந்த வருடம் யார் இருக்கிறாரோ அவருக்குத் தெரிந்த பாடம்தான் நடக்கும். தத்துவம், இலக்கியம், வரலாறு, அரசியல் சிந்தனை ஆகியவற்றில் நல்ல தீனி கிடைக்கும். ஆய்வுக்கூடம் வேண்டிய அறிவியலை அந்த வேகத்தில் எதிர்பார்க்க முடியாது.

இரண்டு வருடம் முடிந்ததும் கையில் இருப்பது இணைப்பட்டம் மட்டும். அமெரிக்காவில் அதை வைத்துக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இளங்கலையை முடிப்பார்கள். அப்படியே ஊர் திரும்பினால் "பி.ஏ. முடிச்சாச்சா?" என்ற கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் இதை முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பேசினால் பெரிய சண்டையாகும்.

அப்புறம், மாடு. அது மாட்டுப் பண்ணை. சில நூறு மாடுகளை இறைச்சிக்காக வளர்த்து விற்கிறார்கள். அங்கேயே அறுப்பதும் உண்டு; அந்த வேலையைச் செய்கிறவர்களில் மாணவரும் இருப்பார். சைவம் சாப்பிடுகிறவர் அங்கே பட்டினி கிடக்க மாட்டார். ஆனால் பக்கத்துத் தட்டில் இருப்பது நேற்று நீங்கள் தீவனம் வைத்த மாடாக இருக்கலாம். அதைத் தாங்க முடியுமா என்பது வெறும் சாப்பாட்டு விஷயமல்ல. முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு கல்லூரி பார்க்கலாம். முடியும் என்றால், ஏன் முடியும் என்று எழுதிப் பாருங்கள். விண்ணப்பக் கட்டுரைக்கே அது கைகொடுக்கும்.

கடைசியாக, தனிமை. இருபத்தைந்து பேரோடு இரண்டு வருடம் இருப்பதைத் தனிமை என்று சொல்வதே தப்பு. அங்கே கஷ்டம் நேர்மாறானது. காலையில் சண்டை போட்டவரோடு மதியம் பாத்திரம் கழுவ வேண்டும், மாலையில் அவர் எழுதிய கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும், இரவில் அடுத்த அறையில் அவர் இருமுவது கேட்கும். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் பழகியிருக்கும்.

3. விண்ணப்பிப்பது

விண்ணப்பம் இரண்டு சுற்று. முதல் சுற்றுக்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும். அந்தந்த வருடத்துத் தேதியைக் கல்லூரியின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று முழுக்க எழுத்து. மதிப்பெண் பட்டியலை வைத்து ஜெயிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்ட முதல் என்பது நல்ல செய்தி, அதற்கு மேல் அங்கே அது ஒன்றும் செய்யாது.

இதைப் படிக்கப்போவது யார் என்பதை மனதில் வையுங்கள். மாணவர் சேர்க்கைக் குழுவில் பெரும்பான்மையோர் மாணவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள். பால் கறந்துவிட்டு வந்து உங்கள் கட்டுரையைப் படிப்பார்கள். அடுத்த வருடம் இந்த ஆளோடு ஒரே கூரையில் இருக்க முடியுமா, விடியற்காலையில் இவரை நம்பித் தூங்கலாமா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். ஆகவே சாதனைப் பட்டியல் வேண்டாம். "சிறுவயதிலிருந்தே எனக்குத் தலைமைப் பண்பு உண்டு" என்று தொடங்கும் கட்டுரையை அவர்கள் நூறு பார்த்திருப்பார்கள். உங்கள் கருத்து ஒன்று தப்பாகிப்போன கதை, உங்களுக்குப் புரியாமல் இன்னும் உறுத்துகிற ஒரு கேள்வி, வீட்டில் நீங்கள் மட்டும் செய்கிற ஒரு வேலை: இப்படி ஏதாவதொன்றை எடுத்து ஆழமாக எழுதுங்கள். பயிற்சி மையத்தில் கொடுத்துத் திருத்தி வாங்காதீர்கள். கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் உங்கள் குரல் இருந்தால் போதும்.

பண்ணை அனுபவம் தேவையில்லை. இருக்கிறது என்று பொய்யும் சொல்ல வேண்டாம், அங்கே போனதும் அரை மணியில் தெரிந்துவிடும்.

முதல் சுற்றில் தேறியவர்களை இரண்டாம் சுற்றுக்கு அழைத்துச் சில நாட்கள் அங்கேயே தங்க வைப்பார்கள். வகுப்பில் உட்கார வேண்டும், வேலை செய்ய வேண்டும், சேர்க்கைக் குழுவின் நேர்காணலுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கிறவர் இந்தச் சுற்றை எப்படிச் செய்வது, பயணச் செலவு யாருடையது என்று முதல் சுற்று முடிந்த உடனேயே எழுதிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். நேர்காணலில் "தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன்" என்பது நல்ல பதில். நம் பள்ளிகளில் அந்தப் பதிலுக்குக் கிடைத்த மரியாதையை மறந்துவிடுங்கள்.

ஒரு வருடத்துக்குச் சுமார் 200 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிடைக்காமல் போவதுதான் இயல்பு. வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

4. விசாவும் பணமும்

இடம் கிடைத்துவிட்டால், கல்லூரி அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம், சீவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பம், பிறகு தூதரகத்தில் நேர்காணல் என்று மற்ற மாணவர்களுக்கு உள்ள அதே எஃப்-1 மாணவர் விசா வரிசைதான். இரண்டு விஷயம் மட்டும் மாறும். ஒன்று, மற்ற கல்லூரிகள் ஆகஸ்டில் திறக்கும். இங்கே கோடைப் பருவத்துக்கே, ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டும். நேர்காணல் தேதியை முந்திப் பிடியுங்கள். இரண்டு, அதிகாரி அந்தக் கல்லூரியின் பெயரையே கேட்டிருக்காமல் இருக்கலாம். "ஏன் இந்தக் கல்லூரி?" என்றால் இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்: சிறிய இருபால் விடுதிக் கல்லூரி, முழு உதவித்தொகை, இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்ன துறையில் பட்டம் முடிக்கத் திட்டம். மாடு, பாலைவனம் பற்றியெல்லாம் அவர் கேட்டால் சொல்லலாம்.

உதவித்தொகை கல்விக் கட்டணம், அறை, சாப்பாடு மூன்றையும் மூடிவிடும். விமானம், புத்தகம், மருத்துவக் காப்பீடு, சொந்தச் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். இதற்கும் உதவி கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாரம் 20 மணி நேர வேலைக்குக் கூலி கிடையாது, அது படிப்பின் பகுதி. "வேலை செய்து வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்புவான்" என்று யாராவது கணக்குப் போட்டால் அதை விமானம் ஏறுமுன் திருத்திவிடுங்கள்.

5. பெட்டி

முதலில் காலணி. கணுக்காலை மூடுகிற, நல்ல தோலில் செய்த வேலைக் காலணி. வாங்கியதும் ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். புதுக் காலணியோடு போய் முதல் வாரமே கொப்புளம் வாங்குகிறவர்கள் அநேகம். அடுத்து தோல் கையுறை இரண்டு ஜோடி, அகலமான தொப்பி, தலையில் கட்டும் விளக்கு, கிழிந்தாலும் கவலைப்படாத முழுக்கைச் சட்டைகள். கனமான குளிர் அங்கியை ஊரில் வாங்காதீர்கள். அங்கே கிடைப்பதுதான் அங்கத்துக் குளிருக்குத் தாங்கும். காற்று மிக வறண்டது. உதடும் குதிகாலும் விரல் நுனியும் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் பெரிய சமாச்சாரம்.

மசாலாப் பொடிகள் கொண்டுபோகலாம். விதை, பழம், இறைச்சி வேண்டாம். உணவுப்பொருள் எதுவானாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். சமையல் வேலை உங்கள் பங்கில் விழும் நாளில் ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்க வேண்டி வரலாம். வீட்டில் நான்கு பேருக்கு வைத்துப் பழகிய கை ஐம்பதுக்கு எவ்வளவு புளி கரைக்கும் என்று கிளம்பும்முன் அம்மாவிடமோ, தெரிந்த சமையற்காரரிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகஸ் போன்ற விமான நிலையங்களிலிருந்து அங்கே போகப் பல மணி நேரச் சாலைப் பயணம். எந்த ஊருக்கு, எந்த நாளில் வந்தால் ஏற்றிக்கொள்வார்கள் என்று கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள்.

6. வேலை: முதல் மாதத்தில் பிழைப்பது எப்படி

வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவரும் ஒரு மாணவர்தான். மாணவர்களே அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பால் கறப்பு, தீவனம் வைப்பது, தோட்டம், வயலுக்குத் தண்ணீர், சமையல், பாத்திரம், இறைச்சி வெட்டுவது, வண்டி பழுது, நூலகம், அலுவலகம் என்று வேலைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். சிலர் குதிரை ஏறி மாடு மேய்ப்பார்கள். கோடையில் மந்தை மலை மேய்ச்சலுக்குப் போகும்போது அவர்களும் போவார்கள். எல்லாருக்கும் அந்த வேலைமேல்தான் கண். உங்களுக்குப் பெரும்பாலும் பாத்திரம் கிடைக்கும். சரி, அதையே ஒழுங்காகச் செய்யுங்கள். ஐம்பது பேர் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவும் இடத்தில்தான் ஊர்ச் செய்தி எல்லாம் வந்து சேரும்.

பால் கறப்பு விழுந்தால் அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம், தண்டனை என்றும் சொல்லலாம். நாளுக்கு இரண்டு கறவை. விடியுமுன் எழ வேண்டும். மாட்டுக்கு ஞாயிறும் தெரியாது, தேர்வும் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இரண்டு மாடு இருந்தன. மடியைக் கழுவாமல் நான் கறக்க உட்கார்ந்தால் பாட்டி பின்னாலிருந்து சொம்பைப் பிடுங்கிவிடுவார். கையால் கறந்தாலும் இயந்திரம் போட்டாலும் அந்தப் பாடம் மாறுவதில்லை. மடியைச் சுத்தம் செய்து துடையுங்கள். முதல் பீச்சுகளைத் தனியே பீச்சிப் பாருங்கள். கட்டி, நிறமாற்றம், மடியில் சூடு எது தெரிந்தாலும் அந்தப் பாலைத் தனியே வைத்துவிட்டு மூத்த ஆளிடம் சொல்லுங்கள், மடிநோய் தொடக்கமாக இருக்கும். ஒரே நேரத்தில், ஒரே குரலில், ஒரே வரிசையில் வேலையைச் செய்தால் மாடு உங்களைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். கத்தினால் பாலை அடக்கும். உதைக்கவும் செய்யும்.

வயல் என்றால் அங்கே பெரும்பாலும் குதிரைமசால் என்ற தீவனப் பயிர். மழை நம்பி நடக்கிற விவசாயமில்லை, தண்ணீர் கொடுத்தால்தான் பயிர். தண்ணீர் வேலை கிடைத்தவர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திறந்தேன், எப்போது மூட வேண்டும் என்று அப்போதே எழுதுங்கள். வகுப்பில் ஒரு கேள்வியில் மயங்கி உட்கார்ந்துவிட்டு வால்வை மறந்தவர்கள் சேற்றில் நின்று விடிய விடிய வேலை பார்ப்பார்கள்.

இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிராக்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம், சங்கிலி ரம்பம், குதிரை, குளிர்: இவை ஆளைக் கொல்லக்கூடியவை. நமக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே உள்ளவர் "புரிந்ததா?" என்றதும் தலையை ஆட்டிவிடுவோம். அதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள், இரண்டாம் முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் துணியோ கட்டாத முடியோ வேண்டாம். ஓடுகிற இயந்திரத்தில் சிக்கிய வைக்கோலைக் கையால் இழுக்க வேண்டாம், அணைத்துவிட்டு இழுங்கள். தூக்கமில்லாத நாளில் இயந்திர வேலையை மாற்றிக் கேட்பது கோழைத்தனமல்ல.

வீட்டில் துடைப்பத்தைத் தொடாத பையன்களுக்கு ஒரு தனி வார்த்தை. கழிவறை கழுவுவது, தரை துடைப்பது, கொழுப்புப் பிடித்த அண்டா தேய்ப்பது எல்லாம் அங்கே முறைவைத்து வரும். யாரும் உங்களுக்காகச் செய்து வைத்திருக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் தொடங்கிவிடுங்கள். அம்மா முதல் வாரம் சந்தேகப்படுவார்.

7. வெள்ளிக்கிழமை இரவு

வேலைகூடச் சில வாரத்தில் பழகிவிடும். பழகாதது மாணவர் அவைக் கூட்டம். வெள்ளிக்கிழமை இரவு எல்லாரும் உட்காருவார்கள். நள்ளிரவைத் தாண்டுவது சாதாரணம். யாரைச் சேர்ப்பது என்று ஒரு குழு, எந்த ஆசிரியரை அழைப்பது, எந்தப் பாடம் நடத்துவது என்று ஒரு குழு, கடிதப் போக்குவரத்துக்கும் வெளியுலகத் தொடர்புக்கும் ஒரு குழு, முதல் வருட மாணவரை இரண்டாம் வருடத்துக்கு மீண்டும் அழைப்பதா என்று பார்க்க ஒரு குழு. கல்லூரியின் அறங்காவலர் அவையிலும் வாக்குரிமையோடு மாணவப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் என்றால் சுவரொட்டியும் கைகலப்பும் நினைவுக்கு வரும். இங்கே தேர்தலில் ஜெயித்தவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது தூக்கமின்மை.

மேடைப் பேச்சில் பரிசு வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டிமன்றத்தில் ஜெயித்தால் கைதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே நீங்கள் பேசி நிறைவேற்றிய தீர்மானப்படி மறுநாள் காலையிலிருந்து நீங்களும் வாழ வேண்டும். இணையத்தை எவ்வளவு பயன்படுத்துவது, விதியை மீறினவரை என்ன செய்வது என்பதெல்லாம் அந்த அறையில்தான் முடிவாகும். ஆகவே முதல் இரண்டு கூட்டத்தில் காதை மட்டும் திறந்து வையுங்கள். தீர்மானம், திருத்தம், வாக்கெடுப்பு என்று அவர்கள் வைத்திருக்கும் நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது கூட்டத்திலிருந்து கண்டிப்பாகப் பேசுங்கள். புதியவர் என்று சும்மா இருந்தால் ஆறு மாதம் கழித்தும் புதியவராகவே இருப்பீர்கள்.

சக மாணவரை முகத்துக்கு நேரே விமர்சிப்பது அங்கே கடமை. "நீ இந்த வாரம் இரண்டு முறை தாமதமாக வந்தாய், நான் உன் வேலையைச் செய்தேன்" என்று நேரில் சொல்ல வேண்டும். நமக்கு இது கசக்கும். ஒன்று பொறுத்துப் பொறுத்துப் போவோம், இல்லை மூன்றாம் ஆளிடம் சொல்வோம். முப்பது பேர் ஊரில் மூன்றாம் ஆளிடம் சொன்னது இரவுச் சாப்பாட்டுக்குள் உரியவர் காதுக்குப் போய்விடும். நேரே சொல்லிவிடுவது நல்லது: என்று, எங்கே, என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள், ஆளின் குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். உங்களைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் விளக்கம் கொடுக்க முந்தாதீர்கள். ஒரு இரவு தூங்கிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

8. வகுப்பு

வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், சில பாடங்களில் அதற்கும் குறைவு. படிக்காமல் போனால் ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்ச் கிடையாது. எழுத்துப் பயிற்சியும் பொதுப்பேச்சும் எல்லாருக்கும் கட்டாயம். ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே இயல்பு. முதலில் நாக்கு எழாது, போகப்போகச் சரியாகும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு வாசிப்பின் அளவு மலைப்பாக இருக்கும். கிளம்புமுன் மூன்று மாதம், நாளுக்கு முப்பது பக்கம், கனமான உரைநடையைப் பென்சிலோடு படியுங்கள். பால் கறக்கிற பருவத்தில் எடுக்கும் பாடங்களைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒன்பது மணிக்குப் படுக்கிறவரால் இரண்டு மணி வரை பிளேட்டோவோடு மல்லுக்கட்ட முடியாது.

9. வெளியே போகாமல் இருப்பது

மருத்துவம், மத வழிபாடு, கல்லூரி வேலை ஆகியவற்றுக்கு வெளியே போகலாம். மற்றபடி பருவம் முடியும்வரை பள்ளத்தாக்குதான். தீபாவளி வந்து போகும். ஊரோடு பேச ஒரு கிழமையையும் நேரத்தையும் வீட்டோடு முன்பே பேசி வையுங்கள். கோடைக் கணக்கில் அங்கே மாலை ஏழு என்றால் இந்தியாவில் மறுநாள் காலை ஏழரை; குளிர்காலத்தில் எட்டரை. "இந்த நேரத்தில் மட்டும் பேசுவேன், பேசாவிட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்" என்று சொல்லி வைத்தால் வீட்டில் பயப்பட மாட்டார்கள்.

முதல் குளிர்காலம்தான் கஷ்டம். பொழுது சீக்கிரம் இருட்டும், இருமல் எல்லாருக்கும் சுற்றி வரும், எல்லாருடைய நகைச்சுவையும் தீர்ந்துபோயிருக்கும். மனம் தொடர்ந்து கீழே இழுத்தால் யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் கேளுங்கள். அதற்கு வெளியே போக விதியே இடம் தருகிறது. எல்லாரும் தாங்குகிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

10. இரண்டாம் வருடமும் அதற்குப் பிறகும்

அடுத்த பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்ப வேலையை இரண்டாம் வருட இலையுதிர்காலத்திலேயே தொடங்குங்கள். இடையில் சேர்கிறவர்களுக்கான கடைசி நாள் பல இடங்களில் மார்ச்சை ஒட்டி வரும். சிகாகோ, கார்னெல், பிரவுன், யேல் என்று முன்னவர்கள் போன இடங்களைப் பார்த்து மயங்குவதற்குமுன் பணத்தைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர், அதிலும் இடையில் சேர்கிறவர் என்றால் உதவித்தொகை பல இடங்களில் மிகக் குறைவு. இரண்டு வருடம் இலவசமாகப் படித்துவிட்டு அடுத்த இரண்டு வருடத்துக்கு வீட்டை அடமானம் வைக்கிற நிலை வரக் கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இடையில் சேரும் வெளிநாட்டு மாணவருக்குத் தேவை அடிப்படையில் உதவி உண்டா? என்னுடைய பாடங்களில் எத்தனையை ஏற்பீர்கள்? எல்லாப் பாடமும் ஏற்கப்படாமல் இரண்டு வருடம் மூன்றாக நீள்வதும் உண்டு. கார்னெலில் டெல்லுரைடு இல்லம் என்று ஒன்று இருக்கிறது. 1911இல் நன் தொடங்கிய சங்கத்தினுடையது. அங்கே இடம் கிடைத்தால் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும், கல்விக் கட்டணத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். புதிய இடம் உறுதியானதும் சீவிஸ் பதிவை அங்கே மாற்றும்படி கல்லூரி அலுவலகத்தில் சொல்லுங்கள். இதை மறந்தால் விசா சிக்கலாகும்.

கிளம்பும் மாதத்தில், நீங்கள் பார்த்த வேலைக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். எந்த மாடு இடது காலால் உதைக்கும், எந்த வால்வை இரண்டு சுற்று அதிகம் திருக வேண்டும், பெரிய அண்டாவின் எந்தக் கைப்பிடி ஆடுகிறது என்றெல்லாம். ஜூன் கடைசியில் புதியவர்கள் வந்து இறங்குவார்கள். யாராவது ஒருவர் விடியுமுன் உங்கள் தொழுவத்துக்குள் தலைவிளக்கோடு நுழைவார். அவர் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான். ஈரம் படாத இடத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.